ஏலக்காய் ஸ்டோருக்குள் ஒரு சிறு கணினி

நம் வங்கி வழங்கும் ஏடிஎம் அட்டையின் நீளம் 85.6 மில்லிமீட்டர். எந்த நாட்டில் எந்த வங்கி வழங்கும் அட்டையானாலும் இதே நீளந்தான்; உலகப் பொது அளவு அது. 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவான ஒரு கணினி விற்பனைக்கு வந்தது. அதன் நீளமும் ஏறக்குறைய அதே 85.6 மில்லிமீட்டர். அகலத்தில் மட்டும் அட்டையைவிட ஓரிரு மில்லிமீட்டர் கூடுதல். எடை 45 கிராம். விலை 35 அமெரிக்க டாலர். அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 1,700 ரூபாய். பெட்டி இல்லை, திரை இல்லை, விசைப்பலகை இல்லை. பச்சை நிறத்தில் ஒரு பலகை; அதன்மேல் செயலி, நினைவகம், இணைப்புத் துளைகள். அவ்வளவுதான். ‘ராஸ்பெர்ரி பை’ என்று அதற்குப் பெயரிட்டனர். இவ்வகைக் கணினிகளை ஒற்றைப் பலகைக் கணினிகள் என்கிறோம்.

பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் பொருத்திப் பாட்டுக் கேட்பதற்கும், வீட்டு விளக்குகளைக் கைப்பேசியால் அணைப்பதற்கும், குழந்தைகளின் விளையாட்டுகளுக்கும் இப்பலகைகளை உலகெங்கும் ஆர்வலர்கள் பயன்படுத்தி வருகின்றனர். வண்டன்மேட்டிலும் அதைச் சுற்றியுள்ள புற்றடி, கட்டப்பனை, நெடுங்கண்டம், கம்பம்மெட்டுப் பகுதிகளிலும் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கோ இது பொழுதுபோக்கைவிட ஒரு படி மேலான பயனைத் தர வல்லது. இங்குள்ள தோட்டக்காரர் ஒருவரின் ஓராண்டு உழைப்பு என்ன விலைக்குப் போகும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது ஓர் அறையின் வெப்பநிலை. அந்த அறையைத்தான் நாம் ஸ்டோர் என்கிறோம். அந்த வெப்பநிலையை இரவு முழுவதும் அளந்து எழுதிவைக்க, இன்று சில நூறு ரூபாய்ப் பலகை ஒன்று போதும்.

பலகையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பயில விண்ணப்பிக்கும் மாணவர்களின் எண்ணிக்கையும் செய்முறை அறிவும் குறைந்து வருவதை அங்கிருந்த ஈபன் அப்டனும் அவருடைய நண்பர்களும் கவனித்தனர். 1981இல் அதே நகரத்து ஏக்கார்ன் நிறுவனம் வெளியிட்ட பிபிசி மைக்ரோ என்ற கணினியில் நிரல் எழுதிப் பழகிய தலைமுறை ஒன்று இருந்தது. பின்னர் வந்த பிள்ளைகளுக்கு அப்படி அஞ்சாமல் பிரித்துப் பார்க்கும் கணினி கிடைக்கவில்லை. கெட்டுப்போனாலும் பெற்றோர் திட்டாத விலையில் ஒன்று வேண்டும் என்பதே அவர்கள் நோக்கமாக இருந்தது. விற்பனை தொடங்கிய நாளன்று, விற்ற நிறுவனங்களின் இணையதளங்கள் கூட்டம் தாங்காமல் நின்றுபோயின. 2015 நவம்பரில் ‘பை ஜீரோ’ என்ற 5 டாலர்ப் பலகை வந்தபோது, அதை ஒரு மாத இதழின் அட்டையில் ஒட்டி இலவசமாகவே கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் ‘பைக்கோ’ வந்தது. பங்குச் சந்தையைக் கவனிக்கும் வாசகர்களுக்கு இன்னொரு செய்தி: இந்நிறுவனத்தின் பங்குகள் 2024 ஜூன் மாதத்தில் 280 பென்ஸ் வெளியீட்டு விலையில் இலண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன.

கடையில் கேட்கும்போது குழப்பம் வராமலிருக்க ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராஸ்பெர்ரி பை முழுக் கணினி. லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும். திரையை இணைத்தால் கடிதம் எழுதலாம், இணையத்தில் உலவலாம். பைக்கோவும், இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005இல் தோன்றிய ஆர்டுயினோவும், ஷாங்காய் நிறுவனமான எஸ்பிரெசிஃபின் ஈஎஸ்பி32 பலகையும் அத்தகையவை அல்ல. அவை நுண்கட்டுப்படுத்திகள்; கொடுத்த ஒரு வேலையை மட்டும் ஓயாமல் செய்பவை. எங்கள் தொழிலிலிருந்தே உவமை சொல்வதானால், ராஸ்பெர்ரி பை ஒரு வங்கிக் கிளை. பல வேலைகளைச் சேர்த்துச் செய்யும். காலையில் திறந்து ஆயத்தமாகச் சற்று நேரமாகும். முறையாக மூடாமல் விளக்கை அணைத்துவிட்டால் கணக்கு குழம்பும். பைக்கோவோ பணத்தாள் எண்ணும் இயந்திரம். சொடுக்கியவுடன் ஓடும்; மின்சாரம் போனால் நிற்கும்; வந்தால் மறுபடி ஓடும். நம் நாட்டிலும் முயற்சிகள் உண்டு. திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனம் தானே வடிவமைத்த தேஜஸ்32 என்ற சில்லை வைத்து ஏரீஸ் என்னும் பலகையை உருவாக்கியிருக்கிறது. மின்சாரம் அடிக்கடி போய்வரும் மலைத்தோட்டத்துக்கு முதற்பலகையாக நான் பரிந்துரைப்பது நுண்கட்டுப்படுத்தி வகையைத்தான். முழுக் கணினியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்; ஸ்டோருக்கு அது தேவையில்லை.

இனி ஸ்டோருக்கு வருவோம்.

செடியிலிருந்து எடுத்த பச்சைக் காயில் எடையின் பெரும்பகுதி நீர். அந்த ஈரத்தை 10 முதல் 12 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும். 5 கிலோ பச்சைக் காய்க்கு 1 கிலோ உலர்ந்த காய் என்பது எல்லோரும் அறிந்த தோராயக் கணக்கு. இதற்கு ஸ்டோரின் அமைப்பைப் பொறுத்து ஒரு பகலும் ஓர் இரவும், சில வேளை அதற்கு மேலும் ஆகும். வெப்பம் 45 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். கூடினால் பச்சை நிறம் மங்கும், தோல் வெடிக்கும், மணத்துக்குக் காரணமான எண்ணெய் ஆவியாகும். குறைந்தால் காய் மெல்ல உலர்ந்து நிறம் வெளுக்கும். ஈரம் உள்ளே தங்கிப் பின்னர் பூஞ்சை பிடிக்கும். புதிய டிரையர்களில் வெப்பத்தைத் தானே நிறுத்தி ஓட்டும் கருவி உண்டு. ஆனால் விறகு எரித்துக் குழாய் வழியே சூடேற்றும் பழைய ஸ்டோர்களில் எல்லாமே அடுப்புப் பார்ப்பவரின் கண்ணையும் கையையும் நம்பியிருக்கிறது. பகலெல்லாம் வேலை செய்தவர் இரவு இரண்டு மணிக்குக் கண்ணயர்ந்தால் அவரைக் குறைகூற இயலாது. விறகு அடங்கி 38 டிகிரிக்கு இறங்கியதோ, கட்டை ஒன்று பற்றிக்கொண்டு 58 டிகிரிக்கு ஏறியதோ காலையில் யாருக்கும் தெரியாது. காய்க்கு மட்டும் தெரியும். புற்றடி ஏல மையத்தில் மாதிரியைக் கையில் எடுத்துப் பார்க்கும் வியாபாரிக்கும் தெரியும்.

பலகைக் கணினி செய்யும் முதல் வேலை இந்த இரவைக் கவனிப்பது. இதற்குத் தேவையான பொருள்கள் சில. பைக்கோ ஒன்று. ‘டிஎஸ்18பி20’ என்ற எண் கொண்ட வெப்ப உணரிகள் மூன்று. துருப்பிடிக்காத எஃகுக் குமிழுக்குள் அடைத்து, நீண்ட கம்பியோடு விற்கப்படுபவை. 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று. கடிகாரச் சில்லு ஒன்று. ஒலிப்பான் ஒன்று. இணைப்புக் கம்பிகள் சில. இந்த உணரி கழிவு 55 முதல் 125 டிகிரி வரை அளக்கக் கூடியது. நமக்கு வேண்டிய எல்லைக்குள் அதன் பிழை அரை டிகிரிக்கு மேற்படாது என்று தயாரிப்பாளர் உறுதி கூறுகிறார். ஒவ்வோர் உணரியிலும் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட தனி எண் ஒன்று உண்டு. சேமிப்புக் கணக்கு எண்ணைப் போல ஒன்றுக்குள்ளது மற்றொன்றுக்கு இராது. ஆதலால் மூன்று உணரிகளையும் ஒரே கம்பித் தடத்தில் தொடுத்துவிட்டு, எந்த எண்ணுக்குரியது என்ன சொல்கிறது என்று பலகையால் பிரித்தறிய முடியும்.

மூன்று எதற்கு என்று கேட்கலாம். ஸ்டோருக்குள் வெப்பம் எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. குழாய்க்கு அருகிலுள்ள தட்டு ஒருவிதம், மேல்தட்டு ஒருவிதம், கதவோரத் தட்டு ஒருவிதம். சுவரில் தொங்கும் ஒற்றைக் கண்ணாடி வெப்பமானி சொல்வது அது தொங்கும் இடத்தின் கதையை மட்டுந்தான். தட்டுகளை எப்போது இடம் மாற்ற வேண்டும் என்பதை இந்த மூன்று எண்களின் வேறுபாடு சொல்லிவிடும்.

பலகையை ஸ்டோருக்கு வெளியே, நீராவி படாத சுவரில், மூடியுள்ள நெகிழிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். எஃகுக் குமிழ்கள் மட்டும் உள்ளே போகட்டும். அவற்றையும் புகைக்குழாயைத் தொடாதபடி தட்டின் நடுவில் காயோடு காயாக வைக்க வேண்டும்.

பலகைக்கு இட வேண்டிய கட்டளை நீளமானதன்று. ஒவ்வொரு நிமிடமும் மூன்று உணரிகளையும் கேள். நாளையும் மணியையும் மூன்று எண்களையும் ஒரு வரியாக எழுது. எந்த எண்ணாவது 50ஐத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலியெழுப்பு. 42க்குக் கீழ் இறங்கினால் நீண்ட ஒலியெழுப்பு. இவ்வளவையும் மைக்ரோபைத்தான் என்ற மொழியில் முப்பது நாற்பது வரிகளில் எழுதிவிடலாம். அடுப்பு மூட்டிய முதல் மணி நேரத்தில் வெப்பம் இயல்பாகவே குறைவாக இருக்கும். அதற்குள் ஒலி கத்தாமலிருக்க ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் அடுப்புப் பார்ப்பவர் இரண்டாம் நாளே ஒலிப்பானின் கம்பியைப் பிடுங்கிவிடுவார்.

ஒரு நாளில் 1,440 நிமிடங்கள். எனவே 1,440 வரிகள். பைக்கோவின் சொந்த நினைவகத்திலேயே ஏறத்தாழ ஒரு மாதப் பதிவு அடங்கும். மாதம் ஒருமுறை மடிக்கணினியில் நகல் எடுத்துக்கொண்டு பலகையில் இருப்பதை அழித்துவிடலாம். கடிகாரச் சில்லைத் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம், மின்சாரம் போய்வந்தால் பைக்கோவுக்கு மணி மறந்துவிடும். ‘டிஎஸ்3231’ என்ற சில்லு ஒரு பொத்தான் மின்கலத்தின் துணையோடு நேரத்தைக் காப்பாற்றும். ஆண்டுக்கு ஒரு நிமிட அளவே பிசகும்.

சந்தையில் இந்த உணரிகளின் போலிகள் மிகுதி. வாங்கியவுடன் சோதித்துப் பாருங்கள். நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில் இட்டால் சுழி டிகிரி காட்ட வேண்டும். கொதிநீரில் இட்டால் 100 காட்ட வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். அது கடற்கரைக்குப் பொருந்தும். வண்டன்மேடு கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது; காற்றழுத்தம் குறைவு; இங்கு நீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்கள் உணரி கொதிநீரில் 96.5 காட்டினால் அது பழுதன்று, சரியாகவே வேலை செய்கிறது என்று பொருள். கம்பத்துக்கு இறங்கிச் சோதித்தால் இரண்டு டிகிரியளவு கூடுதலாகக் காட்டும்.

ஒலியெழுப்புவது இதன் பாதிப் பயன்தான். மறுபாதி, என் பார்வையில் பெரிய பாதி, அந்த 1,440 வரிகளில் இருக்கிறது. தோட்டக்காரர்களில் பெரும்பாலோர் உரச் செலவையும் கூலியையும் எழுதிவைக்கிறார்கள். தேனி மாவட்டத்திலிருந்து ஆள் ஏற்றிவரும் ஜீப்புக்குக் கொடுத்த வாடகைகூட நோட்டில் இருக்கும். ஸ்டோருக்குள் ஒவ்வோர் ஈடும் எப்படி உலர்ந்தது என்பதற்கு மட்டும் பதிவு இருப்பதில்லை. ஈடுதோறும் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் காயின் எடை, உலர்ந்த எடை, எரித்த விறகு, உணரிகள் வரைந்த வெப்பக் கோடு, லிட்டர் எடை, ஏலத்தில் கிடைத்த விலை. (ஏலத்துக்குப் போகும் பொருளின் பெயரும் ஏலம் என்றிருப்பது தமிழில் வாய்த்த வேடிக்கை.) ஒரு பருவத்தில் பத்துத் தாள் சேர்ந்துவிட்டால், நல்ல விலை பெற்ற ஈடுகளின் கோடுகளில் ஏதோ ஒரு பொதுத்தன்மை தெரியத் தொடங்கும். அது உங்கள் ஸ்டோருக்கும் உங்கள் காய்க்கும் மட்டுமே உரிய பாடம். எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

ஏலத்தின் அன்றன்றைய விலை நம் கையில் இல்லை. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் உயர்ந்த விலையாகக் கிலோவுக்கு 7,000 ரூபாய் கேட்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் சராசரி விலை 1,000 ரூபாயை ஒட்டி இறங்கியதையும் பார்த்தோம். ஆனால் ஒரே நாள் ஏலத்தில் நல்ல நிறமுள்ள காய்க்கும் மங்கிய காய்க்கும் இடையே இருக்கும் வேறுபாடு பெருமளவு நம் கையில் இருக்கிறது. 500 கிலோ பச்சைக் காயை உலர்த்தி 100 கிலோ எடுக்கிறோம். நிறம் கெட்டதால் கிலோவுக்கு 100 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவில் 10,000 ரூபாய். மேலே சொன்ன பொருள்கள் அனைத்தையும் வாங்க 1,500 ரூபாயை ஒட்டித்தான் ஆகும்.

சொந்த ஸ்டோர் இல்லாமல் கூலிக்கு உலர்த்தக் கொடுப்பவர்களும் பலர். அவர்களுக்கு ஏற்ற வேறொரு வேலை மழைமானி.

சாய்வாளி மழைமானி என்பது ஊஞ்சற்பலகை போன்ற இரு சிறு கிண்ணங்களைக் கொண்டது. புனல் வழியே வரும் நீர் ஒரு கிண்ணத்தை நிரப்பியதும் அது சாய்ந்து நீரைக் கொட்டும். மறுகிண்ணம் புனலுக்கு அடியில் வரும். சாயும்போதெல்லாம் ஒரு சிறு காந்தம் ஒரு சுவிட்சைக் கடந்து செல்லும். பலகை எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். ஆயத்தமாகவும் விற்கிறார்கள்; நெகிழிக் குழாயை வெட்டி வீட்டிலும் செய்கிறார்கள். அளவு திருத்தும் முறை எளிது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள புனலின் வாய்ப்பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சேரும் நீர் 314 மில்லிலிட்டர். ஆகவே 314 மில்லிலிட்டர் நீரை மெல்ல மெல்ல ஊற்றி, கிண்ணம் எத்தனை முறை சாய்கிறது என்று எண்ணுங்கள். 40 முறை சாய்ந்தால் ஒரு சாய்வுக்குக் கால் மில்லிமீட்டர் என்று கட்டளையில் எழுதிவிடலாம். அவசரமாக ஊற்றினால் கணக்கு தவறும். வானிலைத் துறை மழை நாளைக் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை என்று கணக்கிடுகிறது. நீங்களும் அவ்வாறே பதிந்தால் ஒப்பிட எளிதாக இருக்கும். 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதிகனமழை என்பவை அத்துறையின் பிரிவுகள்.

இதன் பயன் மருந்தடிக்கும் நாளைத் தேர்வதிலும், அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை தெளித்த பின் எவ்வளவு மழை கழுவிப்போனது என்று அறிவதிலும் தெரியும். ஒரு மலைக்கு இப்பால் பெய்யும் மழை அப்பால் பெய்வதில்லை என்பது இப்பகுதியினர் அனைவரும் அறிந்ததே. மாவட்ட நிலையத்தின் எண் உங்கள் தோட்டத்தின் எண் ஆகாது.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு இதே இடுக்கி மாவட்டத்தின் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின்மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்க் குடும்பத்தினர். மண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தத்தை உணரிகளால் அளந்து நிலச்சரிவை முன்கூட்டி அறியும் அமைப்பை மூணாறின் அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் 2009 முதல் இயக்கி வருகிறது. அது பல ஆண்டு ஆய்வும் ஆழ்குழிகளும் வேண்டிய பெரும்பணி. நம் வீட்டு மழைமானி அதற்கு ஈடன்று. அதைப் பார்த்துவிட்டு ‘இன்னும் 200 ஆகவில்லை’ என்று யாரும் வீட்டிலேயே தங்கிவிடக் கூடாது. மாவட்ட நிர்வாகம் வெளியேறச் சொன்னால் வெளியேற வேண்டும். ஆனால் எச்சரிக்கை வராத ஓர் இரவில் மூன்று மணி நேரத்தில் 100 மில்லிமீட்டரை உங்கள் கருவி காட்டுமானால், சரிவின் கீழே குடியிருப்பவர்களை எழுப்பி மேடான இடத்துக்கு அழைத்துச் செல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கோடையில் படுதாக் குளத்தின் நீர்மட்டத்தை அளக்க ஒலியலை உணரி இருக்கிறது. 2024 கோடையில் இம்மாவட்டத்து ஏலச்செடிகள் பட்ட பாட்டை நினைத்தால் அதன் தேவை விளங்கும். குளத்தின் மேல் ஒரு கம்பத்தில் பொருத்தினால், ஒலி போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு நீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று கணிக்கும். மலிவான ‘எச்சிஎஸ்ஆர்04’ உணரியை நேராகப் பைக்கோவில் இணைக்கக் கூடாது. அது 5 வோல்ட்டில் பதில் அனுப்பும், பலகையின் ஊசிகளோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. இடையில் இரு மின்தடைகளைப் போட்டு மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும். திறந்தவெளிக்கு நீர்புகா வகையே ஏற்றது.

குளத்தை அளந்தவர்கள் அடுத்து மோட்டாரையும் தானே ஓட்ட ஆசைப்படுவார்கள். இங்கே நான் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறேன். 5 வோல்ட் விளையாட்டு. 230 வோல்ட் விளையாட்டன்று. நூறு ரூபாய் ரிலேயில் மோட்டார்க் கம்பியை மாட்டும் வேலையைக் காணொளி பார்த்துச் செய்யாதீர்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, மின்கசிவைத் தடுக்கும் கருவியோடும் உரிய காண்டாக்டரோடும் செய்ய வேண்டிய வேலை அது. அதேபோல் ஸ்டோருக்குள் ஆள் படுத்துறங்கும் வழக்கம் இருந்தால், கரிப்புகை நச்சை அறிய மலிவு உணரியை நம்ப வேண்டாம். தரச்சான்று பெற்ற எச்சரிக்கைக் கருவியை வாங்குங்கள். அதைவிட நல்லது, உறங்கும் இடத்தை வெளியே மாற்றுவது. ஒலிப்பான் இருந்தால் அடுத்த அறையில் படுத்தாலும் கேட்கும்.

கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடிமின்னல் மிகுதியான இடம் இது. இடி முழங்கும்போது சுவர் மின்சாரத்திலிருந்து பலகையைப் பிரித்துவிட்டு, கைப்பேசிக்குப் பயன்படும் பவர் பேங்கில் ஓட்டலாம். ஆனால் சில பவர் பேங்குகள் இவ்வளவு சிறிய மின்னோட்டத்தைப் பொருட்படுத்தாமல் தாமே அணைந்துவிடும், முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் முழு ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் அதன் நினைவக அட்டையின் நகலொன்றை எப்போதும் வைத்திருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அட்டை கெடுவது வழக்கம். மின்கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டா. 4 வாட் எடுக்கும் பலகை மாதம் முழுதும் ஓடினாலும் 3 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பைக்கோவுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காத தோட்டங்களே இங்கு அதிகம். ஸ்டோருக்கும் வீட்டுக்கும் அரைக் கிலோமீட்டர் இருந்தால், லோரா என்ற வானொலி முறையில் எண்களை அனுப்பலாம். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை விதிக்குட்பட்ட ஆற்றலில் பயன்படுத்த இந்தியாவில் உரிமம் தேவையில்லை. வேறு நாடுகளுக்கான அலைவரிசைப் பலகைகளும் கடைகளில் கலந்து கிடைக்கின்றன. எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

இணையத்தோடு இணைப்பவர்களுக்கு, வங்கியாளன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். 2016இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் இலட்சக்கணக்கில் புகுந்தது. ராஸ்பெர்ரி பையிலும் எல்லோருக்கும் தெரிந்த ஒரே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பல ஆண்டுகள் இருந்தன. 2022 ஏப்ரலில்தான் அதை நீக்கினார்கள். பழைய அட்டையிலிருந்து நகலெடுத்து ஓட்டுபவர்கள் இன்றே மாற்றுங்கள். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை இப்பலகையிலோ அதன் கோப்புகளிலோ எழுதிவைக்காதீர்கள். பாதி விலைக்குப் பலகை தருவதாக வரும் விளம்பரத்தைப் பார்த்து ஓடிபி எண்ணைக் கொடுத்துவிடவும் வேண்டாம்.

இதற்குக் கடன் உண்டா என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டாயிரம் ரூபாய் வேலைக்குக் கடன் வேண்டாம். பயிர்க்கடன் பணமும் இதற்கானதன்று. ஆனால் இதில் சேரும் பதிவு பின்னாளில் கடனுக்குப் பயன்படும். புதிய டிரையர் வாங்கத் தவணைக் கடன் கேட்டு வருபவரிடம் நாங்கள் கேட்பது, இது எத்தனை ஆண்டில் தன் விலையைத் தானே ஈட்டும் என்பதைத்தான். ஓர் ஈட்டுக்கு இவ்வளவு விறகு எரிகிறது, இத்தனை மணி நேரம் வெப்பம் எல்லை மீறுகிறது, அந்த ஈடுகளுக்கு இவ்வளவு விலை குறைந்தது என்று ஒரு பருவத் தாள்களை மேசைமேல் வைப்பவருக்கு அந்தக் கணக்கைப் போட்டுத் தருவது எளிது. சில வேளைகளில் அதே தாள்கள், கதவிடுக்கை அடைத்துப் புகைக்குழாயை மாற்றினாலே போதும், டிரையர் தேவையில்லை என்றும் சொல்லிவிடும். அப்போதும் அவை தம் வேலையைச் செய்தனவாகவே கொள்ள வேண்டும். உலர்த்தும் கருவிகளுக்கு நறுமணப் பொருள் வாரியம் அறிவிக்கும் உதவித் திட்டங்களையும் விசாரித்த பிறகே கடன் தொகையை முடிவு செய்யுங்கள்.

நிரல் எழுத யாரைத் தேடுவது என்று மலைக்க வேண்டியதில்லை. அந்த ஆள் பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். கேரளத்தின் கைட் அமைப்பு 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் அரசு, அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளிகளில் நடந்துவருகின்றன. 2022இல் ஆர்டுயினோ பலகையும் உணரிகளும் அடங்கிய 9,000 ரோபாட்டிக் பெட்டிகள் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. 2025-26 கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் ரோபாட்டிக்ஸ் பாடமாகவே வந்துவிட்டது. தமிழ்வழி மாணவர்களுக்குக் கேரள அரசு தமிழிலும் பாடநூல் வெளியிடுகிறது. நம் பள்ளிக் கணினிகள் ஓடுவதும் லினக்ஸில்தான் என்பதால் பிள்ளைகளுக்கு அது புதிதன்று. ஒரு விளக்கை அணைத்து எரிக்கப் பழகிய ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு, ஸ்டோரில் மூன்று உணரிகளைப் படிக்க வைப்பது அடுத்த படிதான். பாடநூல் விளக்கு எரிந்தால் மதிப்பெண் கிடைக்கும். இந்த ஒலிப்பான் சரியான நேரத்தில் ஒலித்தால் குடும்பத்துக்கு வருமானம் காக்கப்படும். அவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் நன்றாகவே உணர்கிறார்கள்.

தொடங்க ஏற்ற காலம் ஏப்ரல், மே விடுமுறை. காய் எடுப்பு சூடுபிடிப்பதற்குள் வீட்டுக்குள்ளேயே கம்பிகளை இணைத்து, கொதிநீரிலும் பனிக்கட்டியிலும் சோதித்துக்கொள்ள அவகாசம் இருக்கும். ஸ்டோரில் பொருத்திய பிறகு முதல் நான்கைந்து ஈடுகளுக்குப் பழைய கண்ணாடி வெப்பமானியை எடுத்துவிட வேண்டாம். புதிய உணரி ஒன்றை அதன் குமிழோடு சேர்த்துக் கட்டிவைத்து, இரண்டும் காட்டும் எண்களை இரவில் மூன்று முறை குறித்துவரச் சொல்லுங்கள். இரண்டும் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபட்டால், காரணம் தெரியும்வரை அடுப்புப் பார்ப்பவர் தம் கண்ணாடி வெப்பமானியையே நம்பட்டும்.